அடி வாங்குறது ஒருத்தர், திட்டு வாங்குறது அஞ்சு பேர்

மூணாவது டவுன். போக வேண்டியது பத்து யார்டு. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிட்டுப் பின்னாடி போறாரு. இடது பக்கம் பார்க்குறாரு, எறிய ஆள் இல்ல. வலது பக்கம் பார்க்குறாரு, யோசிக்கிறாரு, இன்னும் யோசிக்கிறாரு... டமால்! எதிரணி ஆள் ஒருத்தர் பின்னாடியிருந்து வந்து அமுக்கிட்டாரு. உடனே ஸ்டேடியம் முழுக்க ஒரே குரல்: "இந்த லைன் சுத்த வேஸ்ட்டு!"

காலேஜ் ஃபுட்பால் பார்க்குறவங்களுக்கு இது வாராவாரம் சனிக்கிழமை பழகின காட்சி. எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு கடுப்பு உண்டு. சாக் விழுந்தா அது லைன்மேன்களோட தப்புன்னு நாம யோசிக்காமலே தீர்ப்பு எழுதிடுறோம். பல நேரம் அந்தத் தீர்ப்பு தப்பு. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, என்.சி.ஏ.ஏ.வோட கணக்குப் புத்தகமும் அதே ஆளுங்க தலையில இன்னொரு பாரத்தை ஏத்தி வைக்குது. அந்தக் கணக்கை மாத்தணும்ங்கிறதுதான் என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, புதுசா பார்க்குறவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. (தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்.) இது நம்ம ஊர் கால்பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால். குவார்ட்டர்பேக் முன்னாடி அஞ்சு தடியன்கள் வரிசையா நிப்பாங்க. நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ரெண்டு ஓரத்துலயும் டேக்கிள். பெரிய காலேஜ்கள்ல ஒவ்வொருத்தரும் கிட்டத்தட்ட 140 கிலோ. பாஸ் ஆட்டத்துல இவங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாய்ஞ்சு வர்ற ஆளுங்களை ரெண்டரை, மூணு வினாடி தடுத்து நிறுத்தணும். அதுக்குள்ள குவார்ட்டர்பேக் பந்தை எறிஞ்சுடணும். எறியறதுக்கு முன்னாடியே அவரைப் பின்னாடி வச்சு அமுக்கிட்டா அதுக்குப் பேர் சாக். குவார்ட்டர்பேக்கைச் சாக்குமூட்டையில போட்டுக் கட்டுற மாதிரின்னு டீக்கன் ஜோன்ஸ்ங்கிற பழைய டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வச்ச பேர்னு சொல்லுவாங்க. ரசிகர்களுக்கு அது லைன்மேனைத் திட்டக் கிடைச்ச இன்னொரு சாக்கு.

இந்த அஞ்சு பேருக்கும் பந்து கையில வராது. டச்டவுன் கிடையாது. மைக்ல இவங்களைப் பத்தி அறிவிப்பு வர்ற ஒரே நேரம், ஹோல்டிங் பண்ணி மாட்டிக்கும்போதுதான். அப்பவும் பேர் வராது, ஜெர்சி நம்பர்தான் வரும்.

சரி, ஒரு சாக் எப்படி விழுது? எனக்குத் தெரிஞ்சு குறைஞ்சது அஞ்சு வழி இருக்கு.

ஒண்ணு, லைன்மேன் நிஜமாவே தோத்துப்போறாரு. எதிராளி வேகமா சுத்தி வந்துட்டான், இல்ல கையைத் தட்டிவிட்டு உள்ளே புகுந்துட்டான். இது லைன் தப்பு. மறுக்கல.

ரெண்டு, வர்ற ஆளுங்க எண்ணிக்கை தடுக்குற ஆளுங்களை விட அதிகம். அஞ்சு பேர் தடுக்க நிக்கிறாங்க, ஆறு பேர் பாய்ஞ்சு வர்றாங்கன்னா, ஆறாவது ஆளைத் தடுக்க யாருமே இல்ல. அந்த ஆளைப் பார்த்து உடனே பந்தை எறிய வேண்டியது குவார்ட்டர்பேக் பொறுப்பு. அதுக்குத் தோதா ஒரு ரிசீவர் ஓட்டத்தைச் சட்டுனு சுருக்கிக்கணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் கவனிக்கலைன்னாலும் சாக்.

மூணு, ரன்னிங் பேக்கோ டைட் எண்டோ தடுக்க வேண்டிய ஆளை விட்டுட்டாரு. டிவியில பார்க்குறப்போ லைனுக்குள்ள ஓட்டை விழுந்த மாதிரிதான் தெரியும்.

நாலு, கோச். எதிரணி பிளிட்ஸ் அனுப்பும்னு தெரிஞ்ச இடத்துல எல்லா ரிசீவரையும் நீளமா ஓடச் சொல்லி ஆட்டம் போட்டா, பந்தை எறிய இடம் கிடைக்கவே நாலு வினாடி ஆகும். நாலு வினாடி தாக்குப்பிடிக்க மலையால்தான் முடியும்.

அஞ்சு, குவார்ட்டர்பேக்கே. இதைத்தான் நாம கவனிக்கிறதே இல்ல. ஒரு டேக்கிள் தன் ஆளை முழுசா நிறுத்த வேண்டியதில்ல. ஓரமா தள்ளிக்கிட்டே போய், குவார்ட்டர்பேக் நிக்கிற இடத்தைத் தாண்டி அந்தப் பக்கம் அனுப்பிட்டா போதும். ஆனா குவார்ட்டர்பேக் நிக்க வேண்டிய இடத்துல நிக்காம பயத்துல இன்னும் மூணு யார்டு பின்னாடி நகர்ந்துட்டா? டேக்கிள் கரெக்டா தள்ளின ஆளு நேரா அவர் மடியிலயே போய் விழுவான். வேலையைச் சரியாப் பண்ணினவர் மேல பழி!

கிரிக்கெட்ல ரன் அவுட் பார்த்திருப்பீங்க. ஒருத்தர் "வா வா"ன்னு கூப்பிட்டுட்டுப் பாதியில நின்னுடுவாரு. நம்பி ஓடினவர் அவுட். ஸ்கோர்கார்டுல யார் பேர் இருக்கும்? ஓடினவர் பேர்தான். சாக்கும் அந்த மாதிரிதான். அஞ்சு காரணம் இருக்கு, விரல் நீட்டுறது ஒரே திசையில.

நிஜ உதாரணம் வேணுமா? கொலராடோ பல்கலைக்கழகம், 2023. டியான் சாண்டர்ஸ் கோச்சா வந்த முதல் வருஷம், அவர் பையன் ஷெடூர் சாண்டர்ஸ் குவார்ட்டர்பேக். 11 ஆட்டத்துல ஷெடூர் 52 தடவை சாக் ஆனாரு. கடைசியில முதுகுல எலும்பு முறிவு, கடைசி ஆட்டம் ஆடவே இல்ல. அக்டோபர் மாசம் யு.சி.எல்.ஏ. கிட்ட தோத்தப்போ, இதுக்கு வழி புது லைன்மேன்களைக் கொண்டு வர்றதுதான்னு கோச்சே பத்திரிகைக்காரங்க முன்னாடி வெளிப்படையா சொன்னாரு. அந்தப் பசங்க அப்போ அவரோட டீம்ல ஆடிக்கிட்டு இருந்தவங்கதான். இன்னும் ஒரு மாசம் சீசன் பாக்கி இருந்துச்சு.

சொன்ன மாதிரியே 2024ல லைனை மாத்தினாங்க. நாட்டுலயே பெரிய பேர் வாங்கின பள்ளிக்கூட டேக்கிள் ஜோர்டன் சீட்டன் உட்படப் புது ஆளுங்க வந்தாங்க. டீமும் 9 ஆட்டம் ஜெயிச்சுது. ஷெடூரும் பிரமாதமா ஆடினாரு, எறிஞ்சதுல 74 சதவீதம் போய்ச் சேர்ந்துச்சு. ஆனா சாக்? 13 ஆட்டத்துல 42. ஆட்டத்துக்கு 4.7ஆ இருந்தது 3.2ஆ குறைஞ்சுது, அவ்வளவுதான். அப்பவும் அது ரொம்ப அதிகம்.

இதுலருந்து என்ன தெரியுது? பழைய லைன் மோசம்ங்கிறது உண்மை, இல்லைன்னா எண்ணிக்கை குறைஞ்சிருக்காது. ஆனா லைனை மாத்தியும் சாக் தீரலை. பந்தை ரொம்ப நேரம் கையிலயே வச்சிருக்கிறதும், நெருக்கடி வந்தா பின்னாடியே போறதும் ஷெடூரோட பழக்கம்னு 2025 டிராஃப்ட் நேரத்துல பல பேர் எழுதினாங்க. அதே பழக்கம்தான் சில நேரம் அவருக்கு அபாரமான பாஸ்களையும் வாங்கிக் கொடுத்துச்சு. அதனால அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. நான் சொல்ல வர்றது, பழி பங்கு போடப்பட வேண்டியது. மொத்தத்தையும் அஞ்சு பேர் தலையில கொட்டுறது நியாயம் இல்ல.

இப்போ அடுத்த விஷயம். சாக் எண்ணிக்கையை வச்சு லைனை அளக்குறதே ஒரு கோணல் அளவுகோல். இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் வாஷிங்டன் பல்கலைக்கழகம், 2023. நாட்டுலயே சிறந்த லைனுக்குக் கொடுக்குற ஜோ மூர் விருது அந்த வருஷம் அவங்களுக்குத்தான். குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் சீசன் முழுக்கச் சட்டையில அழுக்குப் படாம எறிஞ்சாரு. அரையிறுதியில டெக்சாஸுக்கு எதிரா 430 யார்டு.

2024 ஜனவரி 8, ஹூஸ்டன்ல இறுதி ஆட்டம், எதிரணி மிச்சிகன். பெனிக்ஸ் 51 பாஸ் எறிஞ்சதுல 27தான் போய்ச் சேர்ந்துச்சு. 255 யார்டு, 2 இன்டர்செப்ஷன். 34-13ன்னு வாஷிங்டன் தோத்துச்சு. ஆனா அந்த ஆட்டத்தோட சாக் கணக்கை மட்டும் பார்த்தீங்கன்னா பெருசா ஒண்ணும் தெரியாது. மிச்சிகன்காரங்க அவரை அடிக்கடி கீழ தள்ளலை. எறியுற நேரத்துல பக்கத்துல வந்து நின்னாங்க, எறிஞ்ச கையோட இடிச்சாங்க, அவசரப்பட வச்சாங்க. கடைசி கால்வாசி ஆட்டத்துல அவர் நொண்டுறதை எல்லாரும் பார்த்தோம். இதுதான் பிரஷர். சாக்ங்கிறது அந்தப் பிரஷரோட ஒரு சின்னத் துண்டு மட்டும்தான்.

தலைகீழாவும் நடக்கும். ஆர்மி டீம் ஒரு ஆட்டத்துல எறியுற பாஸ் ரொம்பக் கம்மி, பெரும்பாலும் ஓட்டம்தான். எறியவே எறியலைன்னா சாக் எங்கிருந்து வரும்? அதனால எத்தனை சாக்னு மொட்டையா ஒரு நம்பர் சொல்றது, எத்தனை பாஸ் எறிஞ்சாங்க, எவ்வளவு நேரம் பந்தைப் பிடிச்சிருந்தாங்கன்னு சொல்லாத வரைக்கும் பாதிக் கதைதான். (ஆர்மி லைன் 2024ல அதே ஜோ மூர் விருதை வாங்குச்சு. அது ஓட்டத்துக்கு வழி பண்ணிக் கொடுத்த உழைப்புக்கு.)

இனி, கட்டுரையோட முக்கியமான புகாருக்கு வர்றேன்.

காலேஜ் ஃபுட்பால்ல சாக்னால இழந்த யார்டை எந்தக் கணக்குல கழிக்கிறாங்க தெரியுமா? பாஸ் கணக்குலன்னு நினைச்சா, இல்ல. ஓட்டக் கணக்குல! குவார்ட்டர்பேக் பாஸ் எறியத்தான் பின்னாடி போனாரு, அங்கே அமுக்கப்பட்டாரு. ஆனா புத்தகத்துல அவர் "ஓடி" எட்டு யார்டு இழந்ததா எழுதுவாங்க. என்.எஃப்.எல்.ல அப்படி இல்ல, அங்கே டீமோட பாஸ் யார்டுலருந்துதான் கழிப்பாங்க. அதுதானே அறிவுக்குப் பொருந்துது?

இதனால என்ன நஷ்டம்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுறேன். ஒரு டீமோட ரன்னிங் பேக் 20 தடவை ஓடி 100 யார்டு எடுக்குறாரு. தடவைக்கு 5 யார்டு, அருமையான ஆட்டம். அதே ஆட்டத்துல குவார்ட்டர்பேக் 5 தடவை சாக் ஆகி 40 யார்டு இழக்குறாரு. காலேஜ் புத்தகத்துல என்ன வரும்? 25 ஓட்டம், 60 யார்டு, தடவைக்கு 2.4. மறுநாள் ஒருத்தர் எழுதுவாரு: "பாஸுக்கும் தடுக்கத் தெரியலை, ஓட்டத்துக்கும் வழிவிடத் தெரியலை, இந்த லைன் எதுக்குத்தான் லாயக்கு?" ஒரே சாக்குக்கு ரெண்டு தண்டனை! ஒரு தடவை சாக் பட்டியல்ல, இன்னொரு தடவை ஓட்டச் சராசரியில. மேல சொன்ன கொலராடோ 2023ல ஓட்டத்துல நாட்டுலயே கடைசி வரிசையில இருந்ததுக்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம்.

குவார்ட்டர்பேக்குக்கும் இதுல நஷ்டம் உண்டு. லாமர் ஜாக்சன் 2016ல லூயிவில் டீமுக்கு ஆடி ஹெய்ஸ்மன் வாங்கினப்போ ஓட்டக் கணக்குல 1,571 யார்டு. அது சாக் எல்லாம் கழிச்சது போக மிச்சம். அந்த நவம்பர்ல ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிரா ஒரே ஆட்டத்துல லூயிவில்லை 11 தடவை சாக் பண்ணினாங்க. அதெல்லாம் போகவும் 1,571ன்னா, மனுஷன் நிஜமா ஓடினது எவ்வளவு இருக்கும்!

இந்தக் கணக்கை ஆதரிக்கிறவங்க ஒரு வாதம் சொல்லுவாங்க, அதுல அர்த்தம் இல்லாம இல்ல. காலேஜ்ல குவார்ட்டர்பேக்குகள் நிறைய ஓடுவாங்க. ஒருத்தர் அமுக்கப்பட்டப்போ எறியப் போனாரா, ஓடப் போனாரான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். எல்லாத்தையும் ஓட்டம்னு எழுதிட்டா தகராறு இல்ல. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என்.சி.ஏ.ஏ. 2000லருந்து டிஃபென்ஸ் ஆட்டக்காரங்களுக்கு அதிகாரபூர்வமா சாக் கணக்கு எழுதுது. டெரெல் சக்ஸ் 2002ல அரிசோனா ஸ்டேட்டுக்கு 24 சாக் எடுத்த சாதனை எல்லாம் அதுல வந்ததுதான். ஒருத்தருக்குச் சாக்னு மார்க் போடணும்னா, அது பாஸ் எறியப் போன ஆட்டம்னு ஸ்கோரர் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணுமே? டிஃபென்ஸுக்குப் பரிசு கொடுக்குறப்போ பிரிக்க முடியுது, லைன்மேனுக்கு நியாயம் பண்றப்போ மட்டும் பிரிக்க முடியலையா? இது என்ன நியாயம்?

இன்னொரு வாதம்: "கோச்சுங்க யாரும் புத்தகத்தைப் பார்த்து முடிவு பண்றதில்ல. வீடியோவை ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மார்க் போடுவாங்க. புத்தகத்துல என்ன இருந்தா என்ன?" சரிதான், கோச்சுக்குத் தெரியும். ஆனா விருதுக்கு ஓட்டுப் போடுறவங்க எத்தனை பேர் கார்டோட வீடியோவை உட்கார்ந்து பார்க்குறாங்க? ஹெய்ஸ்மன் டிராஃபி 1935லருந்து கொடுக்குறாங்க. இதுவரைக்கும் ஒரு டேக்கிளோ கார்டோ சென்டரோ வாங்கினது இல்ல. 1973ல ஒஹையோ ஸ்டேட் டேக்கிள் ஜான் ஹிக்ஸ் ரெண்டாவது இடம் வந்தாரு. அதுதான் அதிகபட்சம்.

விருது கிடைக்கலைன்னா போகட்டும். இப்போ பணமும் வந்தாச்சு. 2025 ஜூன்ல ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்துச்சு. அதுலருந்து பெரிய பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரங்களுக்கு நேரடியா பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்ல பேரைப் போட்டு வருஷா வருஷம் டீம் மாறலாம். நல்லது, உழைக்கிறவனுக்குக் கூலி வரட்டும். ஆனா அந்தப் பணத்துக்குப் பின்னாடி நிக்கிற பழைய மாணவர்களும் ரசிகர்களும் பார்க்குறது வீடியோ இல்ல, நம்பர். 52 சாக்னு ஒரு நம்பர் வெளிய வந்தா, "லைனை மாத்து"ங்கிற சத்தம் தானா வரும். மாத்தப்படுறவன் 19, 20 வயசுப் பையன். அவன் படிக்க வந்த காலேஜ், சேர்ந்த நண்பர்கள், பாதியில நிக்கிற பாடம், எல்லாத்தையும் மூட்டை கட்டணும்.

வருஷா வருஷம் லைனை மாத்துறதுனால சாக் குறையுமாங்கிறதும் சந்தேகம்தான். லைன் வேலைங்கிறது பாதி பலம், பாதி பேச்சு. எதிரணி ஆளுங்க ரெண்டு பேர் குறுக்கும் நெடுக்குமா இடம் மாறி வர்றப்போ, "உன் ஆளு எனக்கு, என் ஆளு உனக்கு"ன்னு கார்டும் டேக்கிளும் கண்ணிமைக்குற நேரத்துல மாத்திக்கணும். வெளியூர் ஸ்டேடியத்துல லட்சம் பேர் கத்துறப்போ பேச்சே கேட்காது, பழக்கத்துலதான் செய்யணும். காலேஜ்ல சீசன் நேரத்துல வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சிதான் அனுமதி. அதுலயும் இப்போ நிறைய டீம் ஆடுற ஆட்டத்துல, ஓட்டமா பாஸான்னு கடைசி நொடியில குவார்ட்டர்பேக் முடிவு பண்ணுவாரு. லைன் ஓட்டத்துக்குத் தடுக்குற மாதிரியே முன்னாடி போகும். பாஸ் எறியுற நேரத்துல லைன்மேன்கள் மூணு யார்டு வரைக்கும் முன்னாடி போகலாம்னு காலேஜ் விதி இருக்கு (என்.எஃப்.எல்.ல ஒரு யார்டுதான்). அதனால, நின்னு பின்வாங்கிப் பாஸுக்குத் தடுக்குற நிஜமான வேலையை இந்தப் பசங்க பழகுறதே கம்மி. அப்புறம் மூணாவது டவுன் பத்து யார்டு வந்ததும், திடீர்னு "வா, தடு"ன்னா?

இதை எல்லாம் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. சாக்ங்கிறது வெறும் எட்டு யார்டு நஷ்டம் இல்ல, ஒரு பையனோட உடம்பு. 2019 நவம்பர் 16, அலபாமாவோட டுவா டகோவைலோவா மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிரா ஆடுறப்போ ரெண்டு பேர் அவர் மேல விழ, இடுப்பு மூட்டே விலகிப்போச்சு. அதோட காலேஜ் ஆட்டம் முடிஞ்சுது. குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்தணும்னு நிஜமாவே நினைச்சா, அடி எங்கிருந்து வருதுன்னு சரியா கண்டுபிடிக்கணும். ரன்னிங் பேக் விட்டதையும், கோச் போட்ட தப்பான ஆட்டத்தையும், குவார்ட்டர்பேக் பந்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னதையும் லைன் தலையில கட்டினா, நோய் ஒண்ணு மருந்து ஒண்ணுன்னு ஆயிடும். அடுத்த வருஷமும் அதே பையன் அதே அடியை வாங்குவான்.

அதனால நான் கேட்குறது பெருசா ஒண்ணும் இல்ல. சாக் யார்டை ஓட்டக் கணக்குலருந்து எடுத்துப் பாஸ் கணக்குல போடுங்க. பழைய சாதனைகளைத் தொட வேண்டாம், ஒரு வருஷத்தைக் குறிச்சுட்டு அதுலருந்து ஆரம்பிங்க. குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தினதையும் இடிச்சதையும் சாக் பக்கத்துலயே அச்சடிங்க. இப்பவும் ஸ்கோர் ஷீட்ல ஹர்ரின்னு ஒரு கட்டம் இருக்கு, ஆனா அதை யாரும் சீண்டுறதில்ல.

நமக்கும் ஒரு வேலை இருக்கு மக்களே. வர்ற சனிக்கிழமை ஆட்டம் பார்க்குறப்போ, பந்து கைக்கு வந்ததும் மனசுக்குள்ள எண்ணுங்க: ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணுக்கு முன்னாடி அடி விழுந்தா, எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் தடுத்தாங்கன்னு பாருங்க. மூணைத் தாண்டி விழுந்தா, அந்த அஞ்சு தடியன்களும் தங்க வேலையை முடிச்சுட்டாங்க. திட்டுறதுக்கு வேற ஆளைத் தேடுங்க :-)